ஒன்றாம் வகுப்பைப் பார்க்காத பிள்ளைகள்

2020 ஆகஸ்ட் 17 அன்று தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஒன்றாம் வகுப்புச் சேர்க்கை தொடங்கியது. மற்ற வருடங்களில் ஜூன் மாதத்தில் அழுகையும் சாக்லேட்டுமாக நடக்கிற காரியம் அது. அந்த வருடம் அம்மாவோ அப்பாவோ முகக்கவசத்தோடு வந்தார்கள். சான்றிதழ் நகல்களைக் கொடுத்தார்கள். பதிவேட்டில் பெயர் ஏறியது. விலையில்லாப் பாடநூல்களையும் பையையும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார்கள். டீச்சர் யார், பக்கத்தில் உட்காரப்போவது யார், மணி எப்போது அடிக்கும் என்று எதுவும் அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. அது வகுப்பறையில் போய் உட்கார்ந்தது 2021 நவம்பரில். அப்போது அது இரண்டாம் வகுப்பு.

கொரோனா காலத்தைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. ஆக்சிஜனுக்கு அலைந்தது, தொழிலாளர்கள் நடந்தே ஊர் திரும்பியது, பத்தாம் வகுப்புக்கு ஆல் பாஸ் போட்டது எல்லாம் நமக்கு நினைவிருக்கிறது. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் கதை இவற்றுக்கு நடுவே அமுங்கிப்போனது. அவர்களுக்கு நோய் பெரும்பாலும் லேசாகவே வந்து போனது. அவர்கள் எழுத வேண்டிய பொதுத்தேர்வும் இல்லை. 10, 12-ஆம் வகுப்புகள் 2021 ஜனவரியிலேயே ஒரு முறை திறந்தன. 9 முதல் 12 வரை அந்த செப்டம்பரில் மறுபடி திறந்தன. 2020 மார்ச் மத்தியில் மூடிய தொடக்கப் பள்ளியின் கதவு மட்டும் பத்தொன்பது மாதத்துக்கு மேல் மூடியே கிடந்தது. வயதில் சிறியவர்களை வீட்டில் வைத்திருப்பதுதான் பாதுகாப்பு என்று எல்லோரும் நினைத்தோம். எழுத்தும் எண்ணும் மனத்தில் ஊன்றுகிற வயது அதுதான் என்பதை அப்போது யாரும் உரக்கச் சொல்லவில்லை.

வீட்டிலும் வெளியிலும்

பள்ளி இல்லையென்றால் பிள்ளைகள் சும்மா இருந்தார்கள் என்று அர்த்தமில்லை. முதல் ஊரடங்கு வந்தது பங்குனி, சித்திரையில். நுங்குக் காலம். சுவைத்துப் போட்ட பனங்காய்க் குடுக்கைகளில் குச்சியைச் செருகி, கவைக்கம்பு வைத்துத் தள்ளுகிற நுங்கு வண்டி வெகு காலத்துக்குப் பிறகு தெருவில் ஓடியது. பரணில் கிடந்த பல்லாங்குழி கீழே இறங்கியது. தாயக்கட்டையும் பரமபதமும் வந்தன. நகரத்து மொட்டை மாடிகளில் பட்டம் பறந்தது. பெரிய சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுப் பழகியவர்கள், ஏரியில் நீச்சல் கற்றவர்கள், தாத்தாவோடு ஆடு மேய்க்கப் போய் ஒவ்வொரு ஆட்டுக்கும் பெயர் வைத்தவர்கள் என்று ஊருக்கு ஊர் பிள்ளைகள் இருந்தார்கள். பல்லாங்குழியில் குழிக்கு எத்தனை முத்து என்று கண்ணாலேயே கணக்கிட்ட பிள்ளைக்கு வகுத்தல் ஓரளவு கைவசம் இருந்திருக்கும். அதை யாரும் மதிப்பெண்ணாகப் பதிவு செய்யவில்லை.

இதை வைத்து அந்தக் காலத்தைப் பொற்காலமாகப் பாடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மூன்றாம் வகுப்புப் பெண் பிள்ளை என்றால் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வாள், குழாயடியில் குடத்துக்கு வரிசை போடுவாள், சோறு வடிப்பாள். செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு பெயர்கிறவர்களின் பிள்ளைகளைத் தங்கவைக்க ஊரில் பள்ளி இல்லை; அவர்களும் சூளைக்குப் போனார்கள். வீட்டில் வருமானம் நின்ற நாட்களில் பெரியவர்களின் சண்டையைப் பக்கத்திலிருந்து பார்த்தார்கள். இரண்டாம் அலையில் அப்பாவையோ அம்மாவையோ பறிகொடுத்த பிள்ளைகளும் இதில் உண்டு. பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைகளுக்கு 5 லட்சம், ஒருவரை இழந்தவர்களுக்கு 3 லட்சம் என்று தமிழக அரசு நிதி அறிவித்தது 2021 மே மாதத்தில். அந்தக் குழந்தை மறுபடி வகுப்புக்கு வந்து உட்கார்ந்தபோது எப்படி இருந்தது என்பதைப் பக்கத்தில் இருந்த ஆசிரியர் மட்டுமே அறிவார்.

சத்துணவும் நின்றது. அரிசியும் பருப்பும் உலர் பொருளாகப் பெற்றோர் கையில் கொடுக்கப்பட்டன. பிறகு முட்டையும் வந்தது. அதெல்லாம் உதவியதுதான். ஆனால் வீட்டுக்கு வந்த அரிசி வீட்டு உலையில் எல்லோருக்குமாக வெந்தது. பள்ளியில் தட்டில் விழுந்த சோறு அந்தப் பிள்ளைக்கு மட்டுமே உரியதாக இருந்தது.

ஒரு போன், மூன்று பிள்ளைகள்

ஆன்லைன் வகுப்பு என்று சொன்னபோது நம் மனத்தில் வந்த படம், மேசைமேல் லேப்டாப், முன்னால் சீருடையில் ஒரு பிள்ளை, பக்கத்தில் அம்மா. நகரத்துத் தனியார் பள்ளிகளில் அது ஓரளவு நடந்தது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை நாளுக்கு முப்பது முதல் நாற்பத்தைந்து நிமிடம் கொண்ட இரண்டு அமர்வுகளுக்கு மேல் கூடாது என்று மத்திய அரசின் 'பிரக்யாதா' வழிகாட்டுதல் சொன்னது. அந்த இரண்டு அமர்வுக்கும் அம்மா கூடவே உட்கார்ந்து, மியூட்டை எடுத்துவிட்டு, பதிலைக் காதில் சொல்லிக்கொடுத்து, வீட்டுப்பாடத்தையும் பாதி தானே எழுதி போட்டோ பிடித்து அனுப்பினார். அந்தத் தாய்மார்களின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நோட்டில் இருந்தது யார் கையெழுத்து என்பது டீச்சருக்கும் தெரியும்.

அரசுப் பள்ளிப் பிள்ளையின் வீட்டில் ஒரே ஒரு ஆண்ட்ராய்டு போன். அதுவும் காலையில் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். மாலை அது வீடு திரும்பும்போது டேட்டா தீர்ந்திருக்கும். மிச்சம் இருந்தாலும் முதல் உரிமை பத்தாம் வகுப்பு அக்காவுக்கு. இரண்டாம் வகுப்புத் தம்பியின் முறை வரும்போது மணி ஒன்பது, கண்ணில் தூக்கம். மலைக் கிராமங்களில் டவருக்காகப் பாறை ஏற வேண்டியிருந்தது.

பொருளியலாளர் ழான் த்ரேஸ் உள்ளிட்டோர் ஒருங்கிணைத்து, 2021 ஆகஸ்டில் 15 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் ஏறத்தாழ 1,400 ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. கிராமப்புறத்தில் ஆன்லைனில் ஒழுங்காகப் படித்துக்கொண்டிருந்தவர்கள் 8 சதவீதம். எதையுமே படிக்காமல் இருந்தவர்கள் 37 சதவீதம். அந்த 8 சதவீதத்தை வைத்துக்கொண்டுதான் 'கல்வி தடைபடவில்லை' என்று நாடு முழுவதும் பேசப்பட்டது.

தமிழ்நாட்டில் 2019 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட கல்வித் தொலைக்காட்சி இருந்தது. போன் இல்லாத வீட்டிலும் டிவி உண்டு என்பதால், அதில் பாடங்களை ஒளிபரப்பியது சரியான முடிவு. பெரிய வகுப்புகளுக்கு அது கைகொடுத்தது. ஆறு வயதுப் பிள்ளைக்கு அது போதவில்லை. 'அ' எழுதும்போது சுழியை எந்தப் பக்கம் தொடங்குவது என்று விரலைப் பிடித்துத் திருப்பிவிட ஒரு கை வேண்டும். பிள்ளை தப்பாகச் சொன்னது டிவியில் இருக்கும் ஆசிரியருக்குக் கேட்காது.

இதை முதலில் உணர்ந்தவர்கள் ஆசிரியர்களே. பல ஊர்களில் அவர்கள் தாமாகவே தெருவுக்கு வந்தார்கள். கோயில் மண்டபத்திலும் புளியமரத்தடியிலும் ஐந்தாறு பேராக இடைவெளி விட்டு உட்காரவைத்துப் பாடம் சொன்னார்கள். வீட்டுத் திண்ணைச் சுவரில் எழுத்தட்டை ஒட்டினார்கள். சொந்தக் காசில் போன் வாங்கிக் கொடுத்தவர்களும், மாதாமாதம் ரீசார்ஜ் செய்துவிட்டவர்களும் உண்டு. யாரும் உத்தரவு போடாமல் அவர்கள் செய்த வேலை இது. பின்னால் வந்த 'இல்லம் தேடிக் கல்வி' என்ற பெரிய திட்டத்துக்கு இவர்கள்தான் முன்மாதிரி என்று எனக்குத் தோன்றுகிறது.

நவம்பர் ஒன்று

ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை பள்ளி திறந்தது 2021 நவம்பர் 1 திங்கட்கிழமை. வாசலில் வாழைமரம், பலூன், சில இடங்களில் மேளம். தெர்மல் ஸ்கேனரை நெற்றிக்கு நேரே நீட்டியபோது பயந்து அழுத குழந்தைகளும் இருந்தார்கள். வியாழக்கிழமை தீபாவளி. அது முடிந்ததும் அந்த வருடத்து வடகிழக்குப் பருவமழை சென்னையையும் கடலோர மாவட்டங்களையும் புரட்டிப்போட, மறுபடி நாள்கணக்கில் விடுமுறை. 2022 ஜனவரியில் ஒமைக்ரான் வந்து மீண்டும் மூடி, பிப்ரவரி 1-ஆம் தேதி திறந்தார்கள். பள்ளி என்பது தினமும் போகிற இடம் என்ற பழக்கம் ஊன்றவே அடுத்த ஜூன் ஆகிவிட்டது.

முதல் இரண்டு வாரங்கள் பாடம் வேண்டாம். கதை, பாட்டு, ஓவியம் போதும் என்று கல்வித் துறை சொன்னது. நல்ல முடிவு. ஏனென்றால் அப்போது வகுப்பறையில் இருந்தவர்களுக்குப் பாடத்துக்கு முன்னால் கற்க வேண்டியவை நிறைய இருந்தன. வரிசையில் நிற்பது, ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்பது, 'ஒண்ணுக்குப் போகணும் டீச்சர்' என்று கை தூக்கிக் கேட்பது. எந்தத் தொடக்கப் பள்ளி ஆசிரியரைக் கேட்டாலும் முதலில் சொல்வது பென்சிலைப் பற்றித்தான். எட்டு வயதுப் பிள்ளை பென்சிலை முழு உள்ளங்கையாலும் இறுகப் பற்றி, தாள் கிழிய அழுத்தி எழுதியது. கோடு போட்ட நோட்டில் கோட்டுக்குள் எழுத்து அடங்கவில்லை. நாற்பது நிமிடம் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

பேசாத பிள்ளைகள் தனி. இரண்டு வருடம் வீட்டுப் பெரியவர்களோடும் போனோடும் மட்டுமே இருந்தவர்கள், தம் வயதில் இருபது பேரை ஒரே நேரத்தில் பார்த்து ஒடுங்கிப்போனார்கள். மதிய இடைவேளையில் மரத்தடியில் தனியே நின்றார்கள். அவர்களைப் பேசவைத்தது பெரும்பாலும் பக்கத்துப் பிள்ளைதான். 'உன் டப்பாவில் என்ன?' என்ற ஒரு கேள்வியில் தொடங்கிய சிநேகங்கள் பல.

தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளுக்கு இந்த இடத்தில் ஒரு பழைய பலம் இருந்தது. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பின்னர் மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றல். பெஞ்சை எடுத்துவிட்டுப் பாய் விரித்து, பிள்ளையும் டீச்சரும் தரையில் வட்டமாக உட்கார்ந்து, அட்டைகளை எடுத்து அவரவர் வேகத்தில் படிக்கிற முறை. கைக்கு எட்டும் உயரத்தில் சுவரைச் சுற்றித் தாழ்நிலைக் கரும்பலகை. தலைக்குமேல் கம்பிப் பந்தலில் பிள்ளைகள் வரைந்த படங்கள். அந்த முறையில் குறைகள் உண்டு, நடுவில் பல மாறுதல்களும் வந்தன. என்றாலும் ஒரே வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் வேறு வேறு படியில் நிற்கலாம் என்பதை இங்குள்ள மூத்த ஆசிரியர்கள் பழகியிருந்தார்கள். 2021-இல் வகுப்பறையில் இருந்த நிலைமையும் அதேதான்.

எண்கள் சொல்வது

அஸிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் 2021 ஜனவரியில் ஐந்து மாநிலங்களில் இரண்டு முதல் ஆறாம் வகுப்பு வரை 16,067 பிள்ளைகளைச் சோதித்தது. முந்தைய வருடம் தெரிந்திருந்த மொழித்திறன்களில் ஒன்றையாவது இழந்தவர்கள் 92 சதவீதம். கணக்கில் 82 சதவீதம். தமிழ்நாடு அதில் இல்லை. நமக்கான ஆய்வு பொருளியலாளர்கள் கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், மொரிசியோ ரொமேரோ மூவரும் செய்தது. தமிழகக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைப் பள்ளி திறந்த சில வாரங்களிலேயே சோதித்து, 2019-இல் அதே ஊர்களில் அதே வயதுப் பிள்ளைகள் இருந்த நிலையோடு ஒப்பிட்டார்கள். தமிழிலும் கணக்கிலும் பெரிய சரிவு. கணக்கில் ஏற்பட்ட சரிவு தமிழில் ஏற்பட்டதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

இதில் வியப்பில்லை. தமிழ் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. பஸ்ஸின் பெயர்ப் பலகையிலும் கடை போர்டிலும் பிஸ்கட் உறையிலும் எழுத்து கண்ணில் படுகிறது. கடன் வாங்கிக் கழித்தலை வீட்டில் யாரும் பேசுவதில்லை. கணக்கு சுவர் எழுப்புவதைப் போன்றது. கீழ்வரிசைச் செங்கல் இல்லாமல் மேல்வரிசை வைக்க முடியாது.

அந்த ஆய்வில் இன்னொரு செய்தி உண்டு. பள்ளி திறந்த ஆறே மாதத்தில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. அந்த மீட்சியில் சுமார் 24 சதவீதத்துக்குக் காரணம் 'இல்லம் தேடிக் கல்வி' என்ற மாலை வகுப்புத் திட்டம் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். ஏழை வீட்டுப் பிள்ளைகளே அந்த வகுப்புகளுக்கு அதிகம் வந்தார்கள் என்பதும் தெரிந்தது.

இல்லம் தேடிக் கல்வியை முதல்வர் மு.க. ஸ்டாலின் 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கிவைத்தார். திட்டம் எளிமையானது. மாலை ஐந்து முதல் ஏழு மணிக்குள் ஒன்று, ஒன்றரை மணி நேரம். ஒரு தன்னார்வலருக்கு அதிகபட்சம் இருபது பிள்ளைகள். தொடக்க வகுப்புகளுக்கு பிளஸ் டூ முடித்தவர் போதும். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் முன்வந்தார்கள். பெரும்பாலும் அதே தெருவில் வாக்கப்பட்டு வந்த இளம் பெண்கள். படித்த படிப்பைக் கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாக வெளியே எடுத்தவர்கள் அவர்களில் பலர். திண்ணை, மாடிப்படி, சமுதாயக் கூடம், தெருவிளக்கின் கீழ் என்று எங்கே இடம் கிடைத்ததோ அங்கே பாய் விரித்தார்கள். பிள்ளைகள் அவர்களை 'டீச்சரக்கா' என்று கூப்பிட்டார்கள். அப்படிக் கூப்பிட முடிந்ததே பாதி மருந்து என்பேன். தப்பாகப் படித்தால் அக்காவிடம் வெட்கமில்லை.

திரும்பிப் பார்த்தால் அந்த ஒன்றரை வருடத்தில் போன், ஆப், டிவி, வீடியோ எல்லாம் முயன்று பார்த்தாகிவிட்டது. சிறு பிள்ளைக்கு எது உதவியது என்று கேட்டால், பக்கத்தில் உட்கார நேரம் உள்ள ஒரு மனிதர் என்பதே பதில். பள்ளி திறந்ததும் வந்த மீட்சி அதைத்தான் காட்டுகிறது.

அரும்பு, மொட்டு, மலர்

2022 ஜூன் 13 அன்று புதிய கல்வியாண்டு தொடங்கியபோது 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. ஒன்று முதல் மூன்றாம் வகுப்புக்கு முதலில். அடுத்த வருடம் நான்கும் ஐந்தும் சேர்ந்தன. வகுப்பு எதுவானாலும் பிள்ளையின் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்றாகப் பிரித்து, அதற்கேற்ற பயிற்சி நூல் கொடுப்பது. மூன்றாம் வகுப்பில் இருந்துகொண்டு எழுத்தே தெரியாத பிள்ளைக்கு மூன்றாம் வகுப்புப் பாடத்தைத் திணிக்க வேண்டியதில்லை என்பதை அரசே ஒப்புக்கொண்டது பெரிய விஷயம். வகுப்பறை மூலைகளில் கதைக்களமும் பொம்மலாட்டக் களமும் வந்தன. விரலில் மாட்டிய காகிதப் பொம்மை பேசும்போது, தன் குரலில் பேசத் தயங்கிய பிள்ளையும் வாய் திறந்தது.

ஆசிரியர்களின் மனக்குறையும் நியாயமானது. ஆயிரக்கணக்கான பள்ளிகள் ஈராசிரியர் பள்ளிகள். ஐந்து வகுப்பு, இரண்டு பேர், ஒவ்வொரு வகுப்பிலும் மூன்று நிலை. இதில் ஒருவர் பயிற்சிக்கோ வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கோ போய்விட்டால் மற்றவர் பாடு சொல்ல வேண்டியதில்லை. போதாததற்குத் தினமும் ஆப்பில் பதிவேற்றம். பிள்ளைக்கு அருகே உட்கார வேண்டிய நேரத்தைப் போன் திரை தின்றால் திட்டத்தின் நோக்கமே கெடுகிறது. இதைச் சரிசெய்யப் பணம்கூட வேண்டாம். பதிவுகளைக் குறைத்தால் போதும்.

2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. முதலில் 1,545 பள்ளிகள், 1,14,095 பிள்ளைகள். 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் அது விரிந்தது. உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ சூடாக வயிற்றுக்குள் போன பிறகு முதல் பாடவேளையில் பிள்ளையின் முகம் மாறுகிறது. கற்றல் இழப்பைப் பற்றிப் பேசும்போது இதையும் சேர்த்தே பேச வேண்டும்.

இன்னும் முடியாத கணக்கு

2022-இன் பிற்பகுதியில், பிள்ளைகளின் கற்றல் நிலையை அளக்கும் 'அசர்' ஆய்வுக் குழு வீடு வீடாகப் போனது. தமிழகக் கிராமப்புறத்தில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கத் தெரிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 2018-இல் 10.2 சதவீதம், 2022-இல் 4.8 சதவீதம். செய்தி வந்தபோது அரசுப் பள்ளிகளின் தரம் என்று விவாதம் நடந்தது. அந்தப் பிள்ளைகள் யார் என்று யோசித்தவர்கள் குறைவு. அந்த வருடம் மூன்றாம் வகுப்பில் இருந்தவர்கள், 2020 ஆகஸ்டில் பெயரை மட்டும் பதிந்துவிட்டு வீடு திரும்பியவர்கள். ஒன்றாம் வகுப்பைப் பார்க்கவே இல்லை. இரண்டாம் வகுப்பில் பாதியைப் பார்த்தவர்கள். கொரோனாவுக்கு முந்தைய 10.2 சதவீதமும் பெருமைப்படும் எண் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அதே பிள்ளைகள் 2024-இல் ஐந்தாம் வகுப்புக்கு வந்தார்கள். அந்த வருட அசர் ஆய்வில், நாடு முழுக்க ஐந்தாம் வகுப்பினரில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 48.8 சதவீதம், 2018-இல் அது 50.5. பழைய இடத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டார்கள். ஆனால் வாசிக்க முடியாத மீதிப் பாதிப் பேர் அப்படியே நடுநிலைப் பள்ளிக்குப் போனார்கள். தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை தேர்ச்சி உண்டு. ஆறாம் வகுப்பு அறிவியல் ஆசிரியர் அறிவியல்தான் நடத்துவார். எழுத்துக்கூட்டச் சொல்லிக்கொடுக்க மாட்டார், அதற்கு நேரமும் இல்லை. இல்லம் தேடிக் கல்வியின் தன்னார்வலர் எண்ணிக்கையும் தொடக்க காலத்தைவிட வெகுவாகக் குறைந்துவிட்டது. அவசரம் தீர்ந்தது என்று நாம் நினைத்துக்கொண்டோம். அந்த ஒரு வருடத்துப் பிள்ளைகளுக்கு அது தீரவில்லை.

அவர்களை அடையாளம் காண்பது கடினமில்லை. பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் எண் இருக்கிறது. 2020-21-இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் என்று பட்டியல் எடுத்து, வாசிக்கத் திணறுகிறவர்களை மட்டும் பிரித்து, அவர்களுக்கு மாலை வகுப்பைப் பத்தாம் வகுப்பு வரை விடாமல் நடத்த வேண்டும். டீச்சரக்காக்கள் இன்றும் அதே தெருவில்தான் இருக்கிறார்கள். கூப்பிட்டால் வருவார்கள்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ அந்த வருடத்துப் பிள்ளை ஒன்று இருந்தால், இன்று மாலை ஒரு பக்கத்தை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். திட்டாமல் கேளுங்கள். திணறினால் வகுப்பாசிரியரிடம் போய்ச் சொல்லுங்கள், மறுவாரமும் போய்க் கேளுங்கள். இந்தப் பிள்ளைகள் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதப்போவது 2030-இல்.